அவளிடமே கேளுங்கள்

"பிள்ளைக்கு என்ன பிரச்சினை?" லிகிதர் கேட்டது தகப்பனிடம்.

"என்னைக் கேளுங்க சேர்," என்றாள் மகள்.

இன்று காலை, மட்டக்களப்பில் ஒரு பயிற்சி நிலையத்தின் அனுமதி வரிசை. பிள்ளைக்குப் பார்வை குறைவு. வினாத்தாள் பெரிய எழுத்தில் வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும் என்று கடிதம் கொண்டுவந்திருந்தாள். கடதாசியை மூக்கு முட்டப் பிடித்து, அவளே வரி வரியாக வாசித்தாள். அவசரப்படவே இல்லை.

"அதெல்லாம் மேலிடம்தான் பார்க்கணும்."

வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிலைய அனுமதியிலும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாதென்று இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. இது எந்தக் கவுண்டரில் தெரியும், சொல்லுங்கள்!

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பிரதியை நீட்டி, "கிடைத்ததாகத் திகதி போட்டு சீல் குத்தித் தாங்க சேர்," என்றாள்.

குத்திக் கொடுத்தார்.