ஒளியாமல் ஒரு பாட்டு

பத்தாம் வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரன் பாட்டு எழுதுவான். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி, இடைவேளையில் எனக்கு மட்டும் மெல்லப் பாடிக் காட்டுவான். எல்லாமே கதைகள். யாரோ யாருக்காகவோ காத்திருப்பார்கள், கடிதம் வராது. கொப்பியில் 'அவன்' என்று இருந்தது மண்டபத்து மேடையில் 'அவள்' ஆகிவிடும். ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு அவனே தொலைபேசியில், "மச்சான், பாட்ரிக் ஹாகர்ட்டியைக் கேட்டிருக்கிறியா?" என்றான்.

கேட்டதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பால் பண்ணை ஒன்றில் வளர்ந்த பாடகர் ஹாகர்ட்டி. 1950களின் கடைசியில், பள்ளிக்கூட நிகழ்ச்சி ஒன்றுக்காக முகமெல்லாம் மினுமினுப்பு பூசிக்கொண்டு போனார். தகவல் அறிந்து தகப்பன் வந்தார், மாட்டுச் சாணம் பட்ட பண்ணை உடுப்போடேயே. அவரைக் கண்டதும் மகன் ஒளிந்துகொண்டான். வீடு திரும்பும் வழியில் தகப்பன் அந்த மினுமினுப்பைப் பற்றித் திட்டவில்லை. ஒளிந்ததைப் பற்றித்தான் பேசினார். நீ யாரோடு போனாலும் ஒளித்துச் செய்யாதே, ஒளித்தால் பிழை செய்கிறோம் என்று நீயே நினைக்கிறாய் என்றாகிவிடும் என்று சொன்னாராம். அந்தக் காலத்தில், ஒரு விவசாயி! இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த மகன்தான் 1973இல் சியாட்டிலில் நண்பர்களோடு சேர்ந்து 'லாவண்டர் கன்ட்ரி' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஆண் ஆணை நேசிப்பதை வெளிப்படையாகப் பாடிய முதல் கன்ட்ரி இசைத்தட்டு என்று அதைச் சொல்கிறார்கள். அச்சடித்தது 1,000 பிரதிகள்தான். கன்ட்ரி என்பது பண்ணைக்காரரும் கூலிக்காரரும் தங்கள் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லும் பாட்டு. தன் கதையையும் அவர் அதே மெட்டுக்குள் வைத்தார். வேறு மொழி தேடிப் போகவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் அந்த இசைத்தட்டை உலகம் மறந்தது. வயதான காலத்தில் அவர் முதியோர் இல்லங்களில் பழைய பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தார். 2014இல் தட்டு மறுபடி வெளிவந்தது. எழுபது வயதில் மேடைகள் தேடி வந்தன. 2022இல் இறக்கும் வரை பாடினார்.

என் நண்பனும் இப்போது கிட்டாரோடு தன் கதைகளைப் பாடுகிறான். தன்னைக் குயர் பாடகன், அதாவது ஆண்-பெண் காதல் என்ற வழக்கத்துக்குள் அடங்காத பாடகன், என்றே அறிமுகப்படுத்துகிறான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தவர்களோடு நானும் சிரித்திருக்கிறேன். போன மாதம் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றான். பிறகு நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

அந்தக் கொப்பி இன்னும் அவனிடம் இருக்கிறது. எங்கள் சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலில் அதிலிருந்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், முதலில் எழுதிய சொல்லோடு.