ஆறு காலடிக்கு முன்னால்

தொழில்நுட்பத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு என்னை மேடையேற்றும் கல்லூரிகள், கோலூன்றித் தாண்டுதலில் நான் வாங்கிய பதக்கங்களை அறிமுக உரையில் வாசித்துவிட்டு, உயரங்களைத் தொடுவது எப்படி என்று மாணவர்களிடம் பேசச் சொல்கின்றன. அந்தத் தலைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. தாண்டுபவன் கம்பிக்கு மேலே இருப்பது கண்ணிமைக்கும் நேரந்தான். பயிற்சியின் பெரும்பகுதி தரையில், ஓடுபாதையில், அளவு நாடாவோடு கழிகிறது. மென்பொருள் வேலைக்குள் நான் எடுத்துவந்ததும் அந்தத் தரை வேலையைத்தான்.

கோலை ஊன்றும் பெட்டி, தரைமட்டத்துக்குக் கீழே 20 செ.மீ. ஆழம் வரை சரிந்து இறங்கும். கோலின் முனை அதன் பின்சுவரில் முட்டும் நேரத்தில், எம்பும் கால் மேல் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். கால் கொஞ்சம் உள்ளே போய்விட்டால் தோள்பட்டை பின்னுக்கு வெடுக்கென்று இழுபடும், கோல் வளைய வேண்டிய அளவுக்கு வளையாது, மார்பு பட்டுக் கம்பி விழும். மார்பு பட்டுவிட்டது என்று பார்வையாளர்கள் உச்சுக்கொட்டுவார்கள். தஞ்சாவூரில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் விழுந்த கம்பியின் பக்கம் திரும்பவே மாட்டார். எம்புவதற்கு ஆறு காலடி முன்னால் ஓடுபாதையின் ஓரத்தில் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டருகே குந்தியிருந்து, “கம்பிய விடு தம்பி, இங்கயே ஒரு சாண் தாண்டி மிதிச்சிட்ட” என்பார்.

ஆடி மாதத்தில் டெல்டாவில் மேல்காற்று வீசும் வீச்சு ஊரறிந்தது. முதுகில் காற்று தள்ளினால் காலடி நீளும், ஓட்டம் தொடங்கும் குறியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், எதிர்க்காற்றென்றால் முன்னுக்கு. எந்தக் கோல், எந்தப் பிடி, என்ன காற்று, குறி எங்கே என்று நோட்டில் குறித்துவைக்காதவரை மாஸ்டர் அன்றைக்கு மறுபடி ஓட விடமாட்டார்.

சிவ சுப்ரமணியம், ரோஸி மீனா பால்ராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் தேசியச் சாதனை படைத்த விளையாட்டு இது. ஆயினும் என் முதல் இன்டர்வியூவில் இதைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, குழுவாக இணைந்து செயல்படுவதற்கு இது எப்படி உதவியது என்பதுதான். தனியாள் விளையாட்டு என்று சொன்னேன். எப்படியோ வேலை கிடைத்தது.

சென்னையில் சில ஆண்டுகள் கழித்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பி, டெல்டாவின் சிறு வணிகர்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளின் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்ற காலத்தில், மாதத்தின் முதல் தேதியன்று நள்ளிரவில், கணக்குகளைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் நின்றுபோனது. அன்று மாலைதான் ஒரு சிறிய ரிலீஸ், அதாவது மென்பொருளில் செய்த புது மாற்றம், போயிருந்ததால், அதை அனுப்பிய பெண்ணின் பெயர் விடிவதற்குள் எல்லா மின்னஞ்சல்களிலும் ஏறிவிட்டது. ரிலீஸை ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பியும் டேட்டாபேஸ் எழவில்லை. டிஸ்க்கில் இடமே இல்லை என்பது அதன் பிறகே தெரிந்தது. இடத்தை அடைத்திருந்தவை, மென்பொருள் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் லாக் கோப்புகள். மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளரின் புகாரை ஆராய்வதற்காக விரிவான லாக்கைத் திறந்துவிட்டவர்கள், புகார் தீர்ந்த பிறகு அதை மூடவில்லை. மாதக் கடைசியில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கணக்கு முடித்தபோது மிச்சமிருந்த இடமும் நிரம்பிவிட்டது. அந்தப் பெண்ணின் ரிலீஸுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அறிக்கையின் முதல் வரியாக இதையே எழுத வைத்தேன், அவரைக் குறை கூறிய மேலாளருக்கு அது உவப்பாக இல்லாதபோதும்.

ரிலீஸ்களைச் சிறிதாக்க வேண்டும் என்று நான் வாதாடியதற்கும் வேர் ஓடுபாதையில்தான் இருக்கிறது. கோலூன்றித் தாண்டுதலில் உக்ரைனின் செர்கெய் புப்கா உலகச் சாதனையை 35 முறை புதுப்பித்தவர், பெரும்பாலும் ஒவ்வொரு சென்டிமீட்டராக. ஸ்வீடன் வீரர் டூப்ளான்டிஸும் 2020-இல் 6.17 மீட்டரில் தொடங்கி 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 மீட்டரை எட்டியது வரை அப்படியே ஏறினார். ஒவ்வொரு சாதனைக்கும் தனித்தனியாகப் பணம் கிடைக்கும் என்பது இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பணத்தை விடுங்கள், பயிற்சியில் பிடியையும் கோலையும் குறியையும் ஒரே நாளில் மாற்றுபவனுக்கு, தாண்டினாலும் விழுந்தாலும் எதனால் என்று தெரியாது. நாற்பது மாற்றங்களை மூட்டையாகக் கட்டி அனுப்பும் டீமுக்கும் அதே கதிதான்.

ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஓடுபாதையில் ஓடுபவன் ஒருவனே. அலுவலகத்தில் முதல் அடியை ஒருவர் வைக்கிறார், மூன்றாம் அடியை வேறொருவர், அதற்குள் முதலாமவர் வேறு வேலைக்கே போய்விடுகிறார். சுண்ணாம்புக் கோட்டருகே குந்தியிருக்க ஒரு மாஸ்டர் போதாது. ஆகவே யார், எப்போது, எதற்காக, எந்தத் தேதி வரை என்ற நான்கையும் பதியாமல் எந்த மாற்றமும் சர்வருக்குப் போகக் கூடாது என்று விதி வைத்தோம். முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்றார்கள். இன்றும் சிலர், எதற்காக என்ற கட்டத்தில் “தேவைப்பட்டது” என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். நானும் சளைக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.