கயிறு கட்டி இழுக்கது லேசு இல்ல
நேத்து களக்காட்டுல என் பிக்கப் வண்டியில ஏத்தன் வாழத்தார் ஏத்தி, அடியில சருகை மெத்த மாதிரி விரிச்சுதான் அடுக்குனோம், இல்லன்னா காய் கறுத்துப்போவும், நாங்குநேரி ரோட்டுல வாரேன், ஒரு அண்ணாச்சி கார் நின்னுபோயி குடும்பத்தோட நிக்காவ. லோடோட இழுக்க எனக்கு மனசே இல்ல, ஆனா பச்சப்புள்ள அழுவுது. கயித்த பம்பர்ல கட்டப் போனாவ, நான் விடல, காரை இழுக்கதுக்குன்னே இருக்க கொக்கிலதான் மாட்டணும். "அண்ணாச்சி, சாவிய ஆன்லயே வைங்க, இல்லன்னா ஸ்டீயரிங் லாக் ஆயிரும், இஞ்சின் ஓடாததால பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும், நல்லா அழுத்தி மிதிக்கணும்"னு ரெண்டு தடவ சொன்னேன். கயிறு தொய்யாம செகண்ட் கியர்லயே மெக்கானிக் கடை வரைக்கும் கொண்டாந்துட்டேன். பிக்கப் வச்சிருக்கவங்க நல்ல கயிறு ஒண்ணு வண்டியிலயே போட்டு வைங்க மக்கா, நைஞ்ச கயிறு அறுந்து அடிச்சா உசுருக்கே ஆபத்து. மண்டிக்கு ஒரு மணி நேரம் லேட்டுதான், ஆனா ஒரு காய் கூட அடிபடல.