எனக்கு எந்த மதம் செட் ஆகும்?

பிலீஃப்-ஓ-மேட்டிக்னு இன்டர்நெட்டுல ஒரு குவிஸ் இருக்கு, ரொம்ப பழசுதான். மொத்தம் 20 கேள்வி, கடவுள் ஒண்ணா பலவா, செத்ததுக்கு அப்புறம் என்ன ஆவோம், உலகத்துல ஏன் இவ்ளோ கஷ்டம்னு கேட்டுட்டே போயி கடைசியில 27 மதங்களுக்கு சதவீதம் போட்டு வரிசையா அடுக்கிடும். உங்க ஆன்மா கடைசில எங்க போய் சேர்ந்தாலும் சட்டப்படி நாங்க பொறுப்பில்லனு ஒரு எச்சரிக்கை வேற, அதை எழுதுன ஆளை எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

எனக்கு முதல்ல வந்தது யூனிடேரியன் யூனிவர்சலிசம். யார்றா இதுனு தேடுனா, அமெரிக்காவுல ரெண்டு சர்ச் அமைப்புங்க 1961ல ஒண்ணா சேர்ந்து உருவானதாம், இதைத்தான் நம்பணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது, நாத்திகர்கூட மெம்பர் ஆகலாம். அப்ப 'அவங்கவங்களுக்கு அவங்கவங்க வழி'ங்கிற ரேஞ்சுல டிக் அடிக்கிற எவனுக்கும் அதுதானே டாப்ல வரும், இதுல என்னைப் பத்தி என்ன தெரிஞ்சுச்சு?

ரெண்டாவதா குவேக்கர்ஸ்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு, அதுல லிபரல் குரூப். இவங்க கூட்டத்துல பாதிரியார், பிரசங்கம் எதுவும் கிடையாது, எல்லாரும் பேசாம உக்காந்திருப்பாங்க, யாருக்காச்சும் உள்ளுக்குள்ளேர்ந்து ஏதோ சொல்லத் தோணுச்சுன்னா எந்திரிச்சு நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடுவாங்க. இது நிஜமாவே பிடிச்சிருந்துச்சு, ஆனா பாருங்க, இதைப் பத்தி குவிஸ்ல ஒரு கேள்விகூட இல்ல! கருக்கலைப்பு, விவாகரத்து பத்தியெல்லாம் கேக்குது, சேர்ந்து உக்காந்து என்ன பண்ணுவீங்கன்னு கேக்கல.

மொத்த இந்து மதத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மார்க் போட்டதுதான் பெரிய காமெடி. ஜீவனும் பிரம்மமும் ஒண்ணேதான்னு சொன்ன சங்கரரும், வாய்ப்பே இல்ல ரெண்டும் எப்பவும் வேற வேறன்னு மல்லுக்கு நின்ன மத்வரும் ஒரே வரியில. இதுல எனக்கு வந்த மார்க் யார் பக்கத்து மார்க்?

நம்ம மணிமேகலை இதே வேலையை வஞ்சி நகரத்துல நேர்ல போய் பண்ணிருக்கா. சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர்னு (அதாவது சமணர்) ஒவ்வொருத்தரா பாத்து உங்க கொள்கை என்னன்னு கேட்டுக்கிட்டே போறா, காப்பியத்துல இது வர்ற காதையோட, அதாவது அத்தியாயத்தோட நம்பரும் 27தான், அது தற்செயல். கண்ணால பாக்கறது மட்டும்தான் உண்மைன்னு பூதவாதி சொன்னதும் சிரிச்சிட்டு, உங்க அப்பா அம்மாவை அனுமானத்தால, அதாவது யூகிச்சுத் தெரிஞ்சுக்கறதால இல்லாம வேற எப்படி தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு திருப்பிக் கேக்குறா. குவிஸ்ல அப்படித் திருப்பிக் கேக்க ஒரு பட்டன் இருந்தா நான் இன்னும் ரெண்டு மணி நேரம் அங்கேயே உக்காந்திருப்பேன்.