1966 மஸ்டாங்கோடு கால் மைல்

1966 மஸ்டாங் என்றாலே பலர் மனதில் ஓடுவது புகை கிளப்பிப் பறக்கும் ஒரு கார். என்னுடையது அந்த ரகமில்லை. 289 கன அங்குல வி8 இன்ஜின்தான், ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டருக்கு இரண்டே பேரல் (காற்று போகும் குழல்), ஆட்டோமேட்டிக் கியர். ஃபோர்டு அன்று சொன்ன குதிரைத்திறன் 200. அதுவும் இன்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி அளந்த பழைய கணக்கு. பின் சக்கரத்துக்கு வந்து சேர்வது அதில் எவ்வளவோ குறைவு. பக்கத்து வீட்டு வி6 கேம்ரி இதைச் சிரமமே இல்லாமல் முந்திவிடும்.

அப்புறம் எதற்கு டிராக் ஸ்டிரிப், அதாவது கால் மைல் நேர்பாதையில் நேரம் அளந்து ஓட்டும் இடம்? இந்த இன்ஜின் முழு மிதியில் என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. ஹைவேயில் அதைப் பார்த்தால் போலீஸ்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்காரிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நியூ ஜெர்சியில் ஒரு காலத்தில் இதற்கு இடப் பஞ்சமில்லை. இங்கிலீஷ்டவுன் ரேஸ்வே பார்க்கில் 2018 ஜனவரியோடு டிராக் ரேஸ் நின்றது. தெற்கே அட்கோ 2023இல் மூடப்பட்டது. மிச்சம் கிரேட் மெடோஸில் இருக்கும் ஐலண்ட் டிராக்வே; 1960இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. எடிசன் பக்கமிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். 'டெஸ்ட் அண்ட் டியூன்' எனும் பயிற்சி நாட்களில் லைசென்ஸும் ஒழுங்கான வண்டியும் இருந்தால் பணம் கட்டி யாரும் ஓட்டலாம்.

போவதற்கு முன் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பழைய கார்களுக்கான பாலிசிகளில் பெரும்பாலும் 'நேரம் அளக்கும் ஓட்டங்களுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி இருக்கும். ஸ்டிரிப்பில் சுவரில் உரசினால் செலவு நம்முடையதுதான். அதைத் தெரிந்துகொண்டே போனேன்.

நான் அதிக நேரம் செலவழித்தது இன்ஜினில் இல்லை, பிரேக்கில். என் காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதைவிட முக்கியமானது, 1966 வரை மஸ்டாங்கில் வந்தது ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர் (மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் உறுப்பு). எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. 80 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டிய பிறகு நம்பக்கூடிய அமைப்பு இல்லை இது. ஆகவே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் மாற்றி, ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, பிரேக் ஷூக்களைச் சரிபார்த்து அட்ஜஸ்ட் செய்தேன். பழைய காரை அசல் மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லது.

ஓட்டத்துக்கு முன் வண்டியைச் சோதிக்கும் டெக் இன்ஸ்பெக்ஷன் என்றதும் பெரிய பரீட்சை என்று பயப்பட வேண்டாம். பேட்டரியை ஆட்டிப் பார்த்தார்கள்; கிளாம்ப் இறுக்கமாக இருக்க வேண்டும். வீல் நட்டுகள், சீட் பெல்ட், கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்த்தார்கள். வீல் கேப்புகளைக் கழற்றச் சொன்னார்கள். அந்தக் காலத்து மஸ்டாங்கில் ரேடியேட்டர் பொங்கினால் குழாய் வழியே நேரே தரையில் கொட்டும். ஸ்டிரிப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பின்னால் வருகிறவன் வழுக்கிவிடுவான் என்பதால் அரை லிட்டராவது பிடிக்கும் ஒரு டப்பாவை அந்தக் குழாயில் மாட்டியிருக்க வேண்டும். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி கால் மைலை 13.99 விநாடியோ அதற்கும் குறைவாகவோ ஓடும் வண்டிக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். என் வண்டி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. இருந்தாலும் போட்டுக்கொண்டேன். முழு பேன்ட், மூடிய ஷூ அவசியம்.

வரிசையில் முன்னேறியதும் முதலில் வருவது தண்ணீர்த் தொட்டி. பள்ளங்கள் இல்லாத வழுவழுப்பான ஸ்லிக் டயர் போட்டவர்கள் அதில் நனைத்துச் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றுவார்கள். சாதாரண ரோட் டயர்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவதே சரி. டயரின் பள்ளங்களில் ஏறும் தண்ணீர் புறப்படும் கோடு வரை கூடவே வந்து பிடிமானத்தைக் கெடுக்கும்.

பிறகு 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்கிற விளக்குக் கம்பம். முன் சக்கரம் முதல் ஒளிக்கற்றையை மறைத்தால் மேல் விளக்கு, இன்னும் சில அங்குலம் நகர்ந்தால் அடுத்த விளக்கு. மூன்று மஞ்சள் விளக்குகள் அரை அரை விநாடி இடைவெளியில் இறங்கிவரும், அப்புறம் பச்சை. பச்சைக்குக் காத்திருந்தால் தாமதம். கடைசி மஞ்சளிலேயே மிதிக்க வேண்டும். ஆனால் நீங்கள் தூங்கினாலும் உங்கள் ஓட்ட நேரம் கெடாது. சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

1964 முதல் 1966 வரையிலான மஸ்டாங் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கியர் லீவர் பக்கத்தில் புள்ளிகள் இரண்டு இருக்கும். சின்னப் புள்ளியில் வைத்தால் வண்டி இரண்டாம் கியரில்தான் கிளம்பும். பெரிய புள்ளிதான் நமக்கு வேண்டியது.

ஓட்டத்தில் வர்ணிக்க அதிகமில்லை. மூக்கு தூக்கியது, வலது பின் சக்கரம் ஒன்று மட்டும் கீச்சிட்டது, அப்புறம் நிறைய சத்தம், கொஞ்சம் வேகம். கால் மைல், அதாவது 1,320 அடி, முடிவதற்குள் இரண்டு முறை கியர் மாறியது. பிரேக் நேராகப் பிடித்தது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

திரும்பும் வழியில் கொடுத்த சீட்டில் 17.31 விநாடி, 79 மைல் வேகம். நம் ஊர் ரேஷன் கடை பில் போல இருக்கும் அந்தச் சீட்டை நிதானமாகப் படித்தால் எந்த மெக்கானிக்கும் சொல்லாததைச் சொல்லும். முதல் 60 அடிக்கு எடுத்த நேரமும், கடைசியில் எட்டிய வேகமும்தான் முக்கியம். 60 அடி நேரம் வண்டி தரையை எவ்வளவு பிடித்தது என்பதைக் காட்டும். கடைசி வேகம் இன்ஜினின் பலத்தைக் காட்டும். எனக்கு 60 அடிக்கு 2.58 ஆகியிருந்தது.

பின் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி ஓடினேன். 60 அடி 2.45 ஆனது, மொத்த நேரம் 17.10க்கு வந்தது, வேகம் அதே 79. பிடிமானம் கூடியது, பலம் கூடவில்லை. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, நான்கு டிகிரி முன்னால் தள்ளினேன். இன்ஜினில் தட்டுகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன்; வரவில்லை. இந்த முறை 60 அடி அப்படியே இருக்க, வேகம் 81 ஆனது, நேரம் 16.88. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் இப்படிப் பிரித்துப் படிக்க முடியும். நடுவில் பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினையும் பிரேக் டிரம்மையும் நன்றாக ஆறவிட்டேன்.

கூட வந்த தம்பி டெஸ்லா மாடல் 3 பெர்ஃபாமன்ஸ் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, ஒரு தடவை சேர்ந்து ஓடுவோமா?" என்றான். ஓடினோம். பதினொன்றரை விநாடியில் அவன் கோட்டைத் தாண்டியபோது நான் பாதித் தூரத்தைத்தான் தாண்டியிருந்தேன். பிராக்கெட் பந்தயமாக இருந்தால் கதை வேறு. அதில் ஓட்ட நேரத்தை இருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெதுவான வண்டிக்கு வித்தியாசம் அளவு முன்னதாகவே பச்சை விழும். சொன்னதைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். ஒரே நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓடும் கிழட்டு வண்டிக்கு அதில் நல்ல வாய்ப்பு உண்டு.

நான்கு பேரல் கார்புரேட்டர் வாங்குவதாக இருந்தேன். சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகு அந்தப் பணம் பின் அச்சுக்குப் போகிறது: இரண்டு சக்கரத்துக்கும் பலம் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், நல்ல பின் டயர்கள். கார்புரேட்டரை அடுத்த வருஷம் பார்க்கலாம்.