தில்லை மரத்தைத் தேடி: சிதம்பரம் முதல் பிச்சாவரம் வரை

சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, அங்கிருந்த காட்டின் பெயர். கோயிலின் தலமரமாக இன்றும் தில்லை போற்றப்படுகிறது. ஆனால் அது தானாக வளர்ந்து அடர்ந்து நிற்பதைக் காண, ஏறத்தாழ 15 கி.மீ. தள்ளிப் பிச்சாவரத்துக் கழிகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. மறைந்த அந்தக் காட்டைப் பாடல்களையும் நிலத்தையும் ஒப்பிட்டு அறிய முயன்றுவருகிறேன்.

முதலில் சங்கப் பாடல்களில் தில்லை வரும் இடங்களைத் தொகுத்தேன். நற்றிணை 195இல், கழியில் கொழுமீன் தின்ற நீர்நாய்க் குட்டி தில்லைப் பொதும்பில் (மரச்செறிவில்) உறங்குகிறது. கலித்தொகை 133இல், கானலின் உயர்ந்த மணல்மேட்டில் முண்டகம் என்னும் முட்செடியோடு தில்லையும் பூத்திருக்கிறது. இரண்டும் நெய்தல் காட்சிகள் என்பதால் தெளிவாகவே இருந்தன. புறநானூறு 252இல்தான் தயங்கி நின்றேன்: அருவியில் நீராடி நிறம் மாறிய துறவியின் சடையைத் 'தில்லை அன்ன' என்று அப்பாடல் சொல்கிறது.

கிள்ளை வழியாகப் போகையில் நெல்வயல்கள் முடிந்து, உமரி படர்ந்த உவர்நிலம் தொடங்குகிறது. படகில் ஏறியபின், நீரை ஒட்டி முட்டுவேர் ஊன்றிய சுரபுன்னையும், சேற்றிலிருந்து பென்சில் போல மூச்சுவேர்களை நிமிர்த்தும் வெண்கண்டலும் எளிதில் அடையாளம் தெரிந்தன. தில்லைக்கு இவ்விரு வகை வேர்களும் இல்லை. பக்கவேர்கள் தரைமேலேயே பின்னிக் கிடக்கின்றன. உதிரும் முன் இலைகள் சிவக்கும் மரம் அது. செம்பழுப்பேறிய கிளையொன்றை அருகில் பார்த்தபோது, புலவர் இந்த நிறத்தைக் கண்டுதான் அந்தச் சடையைப் பாடியிருப்பாரோ என்று தோன்றியது. படகுக்காரர் கிளையை விட்டு விலகியே துடுப்புப் போட்டார். "அதோட பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும் சார்" என்றார். பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கவும், தோலைக் கொப்புளிக்க வைக்கவும் வல்லது அந்தப் பால்.

தில்லை பொதுவாக அலையாத்திக் காட்டின் நிலப்புற விளிம்பில், நாள்தோறும் ஓதம் (கடலின் ஏற்றநீர்) ஏறாத மேட்டில் வளர்வது. நன்னீர் பாய்ந்தால் வயலாக்க முதலில் இடம்கொடுப்பதும் அந்த விளிம்புதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தத் தாழ்நிலத்தில், 10ஆம் நூற்றாண்டில் வீராணம் ஏரியை வெட்டிய சோழர் காலப் பாசனம் விரிய விரியத் தில்லை பின்வாங்கியிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களைப் படத்தில் குறிக்கப் போகிறேன். தில்லைவிடங்கன் போன்று இறைவன் பெயரால் அமைந்தவற்றைக் காட்டுக்குச் சான்றாகக் கொள்ளாமல், கழி, திட்டு, காடு என்று நிலத்தையே சுட்டும் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வேன்.