வார்டோ நாட்குறிப்பு: சூரியன் வரும் மட்டும்

ஜனவரி 3
காற்று. விமானம் ஓடவில்லை. எங்கள் தெருப் பெஸ்தெமூரை நேற்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று.

ஜனவரி 4
அவருடைய வீட்டுத் திறப்பு என்னிடம். ஜெரேனியத்துக்கு வாரம் ஒரு தரம் தண்ணீர். ஹீட்டரைக் குறைக்கக் கூடாது, குழாய் உறைந்துவிடும். மற்றது யன்னலில் தொங்கும் கடதாசி நட்சத்திரம். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, மூச்சு இழுத்து இழுத்து அவர் சொன்னது அதைப் பற்றித்தான்: "சூரியன் வரும் மட்டும் அணைக்காதே."

இந்த நோர்வே நாட்டில் எண்பத்தாறு வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டரையும் அப்படித்தான், வாத்தியாரையும் அப்படித்தான். பதினெட்டு வருடமாகியும் எனக்கு அது வாயில் வருவதில்லை. முதல் வருடமே பெஸ்தெமூர் என்று கூப்பிட்டுவிட்டேன். அம்மம்மா என்று அர்த்தம். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம், "சரி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வா" என்றார்.

ஜனவரி 6
ஒன்பது மணி போல நீலம் வந்தது. ஒன்றரைக்கெல்லாம் போய்விட்டது. இந்த நீலத்தை ஊரில் யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடிந்ததில்லை. விடியலும் இல்லை, அந்தியும் இல்லை. பனி, வீட்டுக் கூரை, துறைமுகத்தில் நிற்கும் படகு, என் கை எல்லாம் ஒரே நீலம். இந்த வடகோடியில் நவம்பர் கடைசியில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை. சனம் இதை மோர்க்கெதீட், இருட்டுக்காலம் என்கிறது. பெஸ்தெமூருக்கு மட்டும் அந்தச் சொல் பிடிக்காது. "இருட்டு எங்கே இருக்கிறது, கண்ணைத் திறந்து பார்" என்பார்.

ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தேன். நிமோனியாதான். நித்திரையாம்.

ஜனவரி 8
நட்சத்திரம் எரிகிறது.

வேலை முடிந்து ஸ்டைல்னெசெட் பக்கமாக நடந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரர் என்று பழி சுமத்தி, இந்த ஃபின்மார்க் மாகாணத்தில் கொன்ற 91 பேருக்கு 2011இல் கட்டிய நினைவிடம். நீளமான ஒடுங்கிய கூடம், 91 சின்ன யன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு பல்ப். இருட்டில் வெளியே நின்று பார்த்தால் ஒரு தெரு முழுக்க யாருக்காகவோ விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒவ்வொருவருடைய கதையும் துணியில் எழுதித் தொங்குகிறது. அநேகர் பெண்கள். கடலில் புயலை எழுப்பிப் படகைக் கவிழ்த்தார்களாம். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் யாரையாவது பிடித்துக் கட்டத்தான் வேண்டும் என்றிருந்த ஊர். என் ஊரும் கடற்கரைதான். பருத்தித்துறையில் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, அந்தக் கூடத்தை ஒருநாளும் கடைசி வரை நடந்து முடித்ததில்லை. இன்றைக்கும் பாதியில் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 9
மீன் வேலை ஆறு மணிக்கே தொடங்கியது. ஒரே கொட்மீன். விரல் மரத்துப்போய்ப் பேனா பிடிபடவில்லை.

ஜனவரி 11
அம்மா கேட்டார்: "என்ன பிள்ளை, சூரியன் வந்திட்டுதோ?"
இல்லை அம்மா.
"அப்ப பொங்கலுக்கு என்ன செய்யப் போறாய்?"

வருடா வருடம் இதே கேள்வி. வருடா வருடம் எனக்குப் பதில் இல்லை.

ஜனவரி 12
மீனெண்ணெய் குடிக்க மறந்து மூன்று நாள். பெயரில் ஆர் வரும் மாதமெல்லாம் குடிக்க வேண்டும் என்பது இங்கத்தையவர்களின் கணக்கு. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் மட்டும். பெஸ்தெமூர் இருந்தால் கரண்டியோடு கதவடியில் வந்து நின்றிருப்பார்.

ஜனவரி 13
நத்தாரின் இருபதாம் நாள். தெருவில் எல்லாரும் விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். நேற்று வரை வீட்டுக்கு வீடு மின்னிய தெரு இன்றைக்குச் செத்துக் கிடக்கிறது. இரண்டே யன்னலில்தான் வெளிச்சம். ஒன்று என்னுடையது, மற்றது அவருடைய நட்சத்திரம். எதிர்வீட்டுக்காரர் வந்து, கழற்ற உதவி வேண்டுமா என்று நல்ல மனதோடு கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல வரவில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

ஜனவரி 14
பொங்கல்.

நாலு மணிக்கே எழும்பி முழுகினேன். வாசலில் கோலம் போட்டால் அரிசி மா பனியோடு பனியாகிவிடும், அதனால் உள்ளே, கதவுக்கு முன்னால். பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, முந்திரிகை வத்தல், கஜு. தேங்காய்ப்பால் மட்டும் பேணியில் அடைத்தது.

எந்தப் பக்கம் பார்த்துப் படைப்பது என்று இந்த வருடமும் யோசித்தேன். ஊரில் கிழக்கே பார்ப்போம். இங்கே முதல் சூரியன் கிழக்கில் வராது, நேர் தெற்கில், அடிவானத்தில் கொஞ்சம் தலைகாட்டிவிட்டு அங்கேயே இறங்கிவிடும். அதுவும் பன்னிரண்டுக்கு இல்லை, பதினொரு மணி போல. நாங்கள் இருப்பது இஸ்தான்புல்லை விடக் கிழக்கே, மணிக்கூடு மட்டும் ஒஸ்லோவோடு ஓடுகிறது.

தெற்கு யன்னலைத் திறந்து வைத்தேன். குளிர் வந்து முகத்தில் அடித்தது. பால் விளிம்பு வரை ஏறி, நுரை ஒரு பக்கம் சாய்ந்து, வழிந்து, சூடான அடுப்புக் கண்ணாடியில் சீறிக் கருகியது. அந்த வாசம் போதும். ஊரில் என்றால் இந்த நேரம் தம்பி வெடி கொளுத்தியிருப்பான், தெருவெல்லாம் புகையாய் இருக்கும்.

இங்கேயும் வெடி உண்டு. வார்டோஹூஸ் கோட்டையின் மதிலில் நின்று பார்க்கும்போது சூரியனின் முழு வட்டமும் தெரிய வேண்டும். ஓரம் தெரிந்தால் போதாது. தெரிந்தால் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு விடுமுறை. எல்லாம் சரியாக இருந்தால் இருபதாம் தேதி போல. வந்த முதல் வருடம் அந்தச் சத்தத்துக்கு நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். ஊரில் கேட்ட ஷெல் சத்தம் அப்போது உடம்பை விட்டுப் போயிருக்கவில்லை. பெஸ்தெமூர் வந்து பக்கத்தில், நிலத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வருத்தத்தோடு உட்கார்ந்தார். "இது சூரியனுக்கு, இது சூரியனுக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு எனக்கு மொழி பாதிகூட விளங்காது. அந்த ஒரு வசனம் விளங்கியது.

படைத்ததில் ஒரு கிண்ணம் எடுத்துப் போய் அவருடைய நட்சத்திரத்துக்குக் கீழே வைத்தேன்.

ஜனவரி 15
ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை.

ஜனவரி 16
எடுத்தார்கள். ஒட்சிசன் கழற்றியாயிற்று. எழும்பி உட்கார்ந்து, கோப்பி சரியில்லை என்று சண்டை பிடித்தாராம். சொன்ன நேர்சும் சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்புறம் குசினியில் இருந்து நன்றாக அழுதேன்.

ஜனவரி 18
அவரோடு நேரே கதைத்தேன். குரல் நூலாய் இருந்தது. முதல் கேள்வி: "முகிலா?"
முகில்தான்.
இரண்டாவது: "நட்சத்திரம்?"
எரிகிறது.

ஜனவரி 20
முகில். கோட்டையில் சத்தமில்லை.

ஜனவரி 21
பனிப்புயல். எதிர்வீட்டுச் சின்னவன் கோட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். பாவமாய் இருந்தது.

இரவு நட்சத்திரம் ஒருதரம் மினுங்கி அணைந்தது. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. பல்ப்தான் தளர்ந்திருந்தது. கதிரையில் ஏறி, கடதாசிக்குள் கைவிட்டுத் திருகினேன். உள்பக்கத்தில், மடிப்பு ஓரமாக, பென்சிலால் வருடங்கள் எழுதியிருந்தன. 1987இல் இருந்து ஒவ்வொன்றாக. பக்கத்தில் ஒரு தேதி, ஜனவரி 20, 23, 21, 26. சூரியனைக் கண்ட நாட்கள். இந்த வருடத்துக்கு இடம் விட்டிருந்தார்.

ஜனவரி 22
காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் மேற்பார்வைக்காரரே மெஷினை நிறுத்திவிட்டார். கத்தியை வைத்துவிட்டு, ஏப்ரனோடு எல்லாரும் துறைமுகத்துக்கு ஓடினோம். அவருக்குக் கோல் எடுத்துத் தொலைபேசியை மேலே தூக்கிப் பிடித்தேன். முதலில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு கோடு வீங்கியது. யாரும் கதைக்கவில்லை. பக்கத்தில் நின்ற லித்துவேனியப் பெண் என் கையைப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியாது. மீன் செதில் ஒட்டிய அவளுடைய கையுறை பொன்னாய் மினுங்கியது.

வெடித்தது. உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

"கேட்டதா?" என்றேன்.
"கேட்டது. முழு வட்டமா?"
முழு வட்டம்.
"சரி. எழுதி வை."

பின்னேரம் போய் எழுதினேன். கழற்றவில்லை. அதை அவர் கழற்றட்டும்.

ஜனவரி 23
ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிவிட்டார்களாம். கிர்க்கெனெஸில் இருந்து கப்பலில் வருகிறார், நாலு மணிக்குள் வந்துவிடும். இப்போது மூன்று பத்து. ஹீட்டரைக் கூட்டிவிட்டேன், கோப்பி வைத்தாயிற்று. காற்று எழும்புகிறது. கம்பளியை எங்கே